அனுமதிக்காகக் காத்திருந்தோர்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தமிழரின் பயண ஆவண வரலாறு

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் வருகையைப் பற்றியே விரிவாக எழுதியுள்ளனர். கப்பலேறியதும், கரைசேர்ந்ததும், காடழித்துத் தோட்டம் போட்டதும் பல நூல்களில் இடம்பெற்றுள்ளன. ஆனால், வந்தவர்கள் ஒரு முறை ஊருக்குப் போய்வர விரும்பியபோது என்ன நேர்ந்தது என்னும் கேள்வி அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. தாயின் இறப்புச் செய்தி தந்தியில் வந்தது. மகளுக்கு ஊரில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று. குலதெய்வத்திற்கு நேர்ந்துகொண்ட கடன் நிற்கிறது. இத்தகைய வேளைகளில் ஒரு தோட்டத் தொழிலாளி முதலில் தேடியது கப்பல் கட்டணத்தை அன்று; அனுமதித் தாளைத்தான். அத்தாள் உரிய நேரத்தில் வந்ததா, தாமதமானதா என்பதே பல குடும்பங்களின் போக்கை மாற்றியமைத்தது.

பயண அனுமதி தாமதமாவதை நாம் இன்று அலுவலகக் குறைபாடாகவே காண்கிறோம். தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை அது அலுவலகக் குறைபாடு மட்டுமன்று என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். யார் தொழிலாளி, யார் குடிமகன், யார் திரும்பி வரத் தக்கவர் என்ற கேள்விகளுக்கு அரசுகள் அவ்வப்போது மாற்றி மாற்றி விடையளித்தன. அவ்விடைகள் மாறிய இடைவெளிகளில்தான் மக்கள் காத்துக் கிடந்தனர். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களை மையமாகக் கொண்டு, 1929 முதல் அண்மைக்காலம் வரையிலான இவ்வரலாற்றை நான்கு கட்டங்களாகப் பகுத்து நோக்குவோம்.

மலையும் பாதையும்

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டறிந்து குறித்த இம்மலைப்பகுதி, நெடுங்காலம் பாதையின்றியே கிடந்தது. பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை அமைக்கப்பட்ட பின்னரே தோட்டங்களும் குடியிருப்புகளும் பெருகின. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல், இலங்கையில் தேயிலைப் பயிரில் பட்டறிவு பெற்றிருந்த ஏ. பி. மில்னுடன் இணைந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது. புளூ வேலி போன்ற பிற தோட்டங்களும் இம்மலையின் தேயிலை வரலாற்றில் இடம்பெற்றன.

இங்கு நிலவியல் சார்ந்த ஒரு செய்தியை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும். கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. அம்மாநிலத்தின் தலைநகரம் 1955 வரையில் கோலா லிப்பிஸ்; அதன் பின்னர் குவாந்தான். ஆனால், மலையிலிருந்து இறங்கும் வண்டிச் சாலையோ பேராக் மாநிலத்துத் தாப்பாவிற்குத்தான் சென்றது. சிம்பாங் பூலாய்ச் சாலையும் சுங்கை கோயான் வழியாக லிப்பிஸ் பக்கம் செல்லும் சாலையும் 2000ஆம் ஆண்டிற்குப் பின்னரே பயன்பாட்டிற்கு வந்தன. ஆகவே, நிர்வாகம் ஒரு திசையிலும் பாதை மற்றொரு திசையிலும் அமைந்த ஒரு மாவட்டத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கு, அரசு அலுவலகத்தில் ஒரு வேலை என்பது ஒரு முழு நாளை, சில வேளைகளில் பல நாள்களை விழுங்கும் செயலாக இருந்தது. அவர் நாட்கூலி பெறுபவர். பெரட்டில் பெயர் கொடுக்காத நாளுக்குச் சம்பளம் இல்லை. தேவையான சான்று ஒன்று குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டால், இழப்பு மேலும் ஒரு நாளாகும். அனுமதித் தாமதத்தின் விலையைத் தொழிலாளி தம் கூலியிலிருந்தே செலுத்தினார் என்பதை இதனால் உணரலாம்.

முதற் கட்டம்: கங்காணியின் உரிமச்சீட்டு (1938 வரை)

மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளியிடம் தொடக்கத்தில் தனியாள் கடப்பிதழ் எதுவும் இருந்ததில்லை. 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடமிருந்து தொகை பெற்று, தொழிலாளரின் கப்பல் செலவை ஏற்றது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்ட பின்னர், கங்காணி முறையே ஆள்சேர்ப்பின் முதன்மை வழியாயிற்று. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிப்பெயர்வுச் சட்டம் இம்முறையை அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. கோலாலம்பூரில் இந்திய அரசின் முகவர் ஒருவரும் அமர்த்தப்பட்டார்.

இம்முறையில் அனுமதி என்பது எவ்வாறு இயங்கியது? தோட்டத்தில் வேலை செய்யும் கங்காணிக்கு ஆள்சேர்க்கும் உரிமச்சீட்டு வழங்கப்பட்டது. அவர் தம் ஊருக்குச் சென்று, உறவினரையும் அண்டை அயலாரையும் திரட்டி, கிராம முன்சீப்பின் முன் நிறுத்தினார். இவர் போவதற்குத் தடையேதும் இல்லை என்று முன்சீப் அவ்வுரிமச்சீட்டின் பின்புறத்திலேயே குறித்துக் கையொப்பமிட்டார். அதன் பின்னர் நாகப்பட்டினத்திலோ சென்னையை அடுத்த ஆவடியிலோ இருந்த முகாமில் மருத்துவச் சோதனையும் அம்மை குத்துதலும் நடைபெற்றன. கப்பல் வரும்வரை அங்கேயே தங்கல். பினாங்கில் இறங்கியோர் ஜெரஜாக் தீவில் தொற்றொதுக்கத்திற்கு உட்படுத்தப்பட்டு, அதன் பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

இந்நடைமுறையில் நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பயண அனுமதி தொழிலாளியின் கையில் இல்லை. கங்காணியின் சீட்டில், ஒரு வரியாக இருந்தது. முன்சீப் ஊரில் இல்லையென்றாலும், குடும்பத்தில் ஒருவர் மறுப்புத் தெரிவித்தாலும், முகாமில் காய்ச்சல் கண்டாலும் பயணம் நின்றது. காத்திருக்கும் காலத்தில் உணவு கிடைத்தது, கூலி கிடைக்கவில்லை. எதற்காக நிறுத்தப்பட்டோம் என்பதை எழுத்தில் அறியும் வாய்ப்பும் எழுத்தறியாத ஒருவருக்கு அரிதாகவே இருந்திருக்கும்.

கேமரன் மலைக்கு இக்கட்டத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. போ தோட்டம் தொடங்கிய மறு ஆண்டிலேயே, உலகப் பொருளாதார மந்தத்தின் காரணமாக, உதவி பெற்ற குடியேற்றம் 1930இல் நிறுத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். 1934இல் உதவி பெற்ற பயணம் மீண்டும் தொடங்கியபோது, கங்காணி வழி ஆள்சேர்ப்பைக் காட்டிலும் தாமாக முன்வருவோரின் பயணமே மேலோங்கியது. 1938இல் அதுவும் தடைபட்டது. ஆகவே, அரசு உதவியுடன் தமிழ்நாட்டிலிருந்து நேரே இம்மலைக்கு வந்துசேரும் வாய்ப்பு, கூட்டிப் பார்த்தால் ஐந்தாறு ஆண்டுகளே திறந்திருந்தது. எனவே, இம்மலையின் தொடக்ககாலத் தொழிலாளருள் உள்நாட்டு இரப்பர்த் தோட்டங்களிலிருந்து மேலேறியோர் கணிசமானோராக இருந்திருக்க வேண்டும் என நாம் கருதுகிறோம். அவர்கள் ஏற்கெனவே ஒரு முறை கடல் கடந்தவர்கள். அவர்களுக்கு ஊர் என்பது இரண்டு பயணத் தொலைவில் இருந்தது.

இரண்டாங் கட்டம்: வாயில் அடைபட்ட காலம் (1938 - 1953)

1936ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்தார். 1937இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, கங்காணி ஆள்சேர்ப்பை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டாம் என்றது; உதவி பெற்றுத் தாமாக வருவோரைத் தடுக்க வேண்டியதில்லை என்றும் கூறியது. இதற்கு அடுத்த ஆண்டில் தோட்ட முதலாளிகள் ஆண்களின் நாட்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகவும், பெண்களின் கூலியை 40 காசிலிருந்து 35 காசாகவும் குறைத்தனர். 1936இல் தோன்றியிருந்த மலாயா மத்திய இந்தியர் சங்கம் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பியது. இந்திய அரசு 1938 ஜூன் 15ஆம் நாள் முதல், உதவி பெற்றுச் செல்லும் உடலுழைப்புத் தொழிலாளரின் பயணத்தைத் தடை செய்தது.

இத்தடை தொழிலாளரின் நலங்கருதி விதிக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. கூலியைக் குறைத்தால் ஆள் கிடைக்காது என்பதை முதலாளிகளுக்கு உணர்த்துவதே அதன் நோக்கம். ஆயினும், நலங்கருதி விதிக்கப்பட்ட தடையும் குடும்பங்களைப் பிரிக்க வல்லது. கணவர் மலையில், மனைவியும் மக்களும் தஞ்சையிலோ திருச்சியிலோ சேலத்திலோ. அவர்களை அழைத்துக்கொள்ளும் வழி சுருங்கிற்று. ஊருக்குப் போனால் திரும்பி வர இயலுமா என்னும் அச்சம் அக்காலத்தில் எழுந்திருக்கும் என ஊகிப்பது தவறாகாது. 1942 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சியில் கடல்வழித் தொடர்பே அறுபட்டது. பிரிவு அதனால் மேலும் நீண்டது.

1922ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சொல்லாட்சியை நாம் இங்குச் சுட்டுவது பொருந்தும். அச்சட்டம் வேலைகளைத் தேர்ச்சி வேண்டுவன, தேர்ச்சி வேண்டாதன என இரண்டாகப் பிரித்தது. வேளாண் வேலையைத் தேர்ச்சி வேண்டாத வேலையுள் அடக்கியது. தேயிலைக் கொழுந்து கிள்ளுவதை அருகிருந்து பார்த்தவர்கள் இப்பகுப்பினை ஏற்கத் தயங்குவர். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, முற்றிய இலையை விலக்கி, செடியின் மட்டம் குலையாமல், ஏற்றமும் இறக்கமுமான சரிவில் நாள் முழுதும் கிள்ளுவதற்குப் பழக்கமும் கைத்திறனும் வேண்டும். ஆயினும், சட்டத்தின் கண்ணுக்கு அது தேர்ச்சியன்று. கடையில் கணக்கெழுதுபவருக்குக் கடலைக் கடக்கும் வழி திறந்திருந்த காலத்தில் கொழுந்து கிள்ளுபவருக்கு அது மூடப்பட்டிருந்ததற்கு இப்பகுப்பே காரணமாயிற்று. இரு நாடுகளின் பிற்காலச் சட்டங்களிலும் இவ்வேற்றுமை வெவ்வேறு பெயர்களில் தொடர்வதைக் காணலாம்.

1948இல் அவசரகாலம் நடைமுறைக்கு வந்தபோது, 12 வயதிற்கு மேற்பட்டோர் அனைவரும் அடையாள அட்டைக்குப் பதிந்துகொள்ள வேண்டியதாயிற்று. புகைப்படமும் கைரேகையும் தாங்கிய அவ்வட்டையே பல தோட்டத் தொழிலாளருக்குத் தம் பெயர் பொறித்த முதல் அரசு ஆவணமாகும். பெயர் எவ்வாறு எழுதப்பட்டது, பிறந்த ஆண்டு எவ்வாறு கணிக்கப்பட்டது என்பன பதிந்தவரின் செவிப்புலனையும் பொறுமையையும் பொறுத்தனவாக இருந்தன. அட்டையில் ஒரு பெயர், தோட்டச் செக்ரோலில் ஒரு பெயர், கோயில் வரிப் புத்தகத்தில் மற்றொரு பெயர் என ஒருவரே மூவரானார். இப்பெயர் வேறுபாடே பிற்காலத்தில் பயண விண்ணப்பங்கள் தேங்கி நிற்பதற்குக் காரணமாய் அமைந்தது.

மூன்றாங் கட்டம்: மறுநுழைவு அனுமதி (1953 - 1969)

1952ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்ட் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பிரிட்டிஷ் குடிமக்கள் என்ற முறையில் இந்தியர்கள் மலாயாவுக்குள் நுழைவதற்கு உள்நாட்டுச் சட்டத்தில் பெருந்தடை இருந்ததில்லை. 1933ஆம் ஆண்டு அயலார் சட்டம் சீனர்களின் வருகையைக் கட்டுப்படுத்தியதேயன்றி இந்தியர்களைத் தீண்டவில்லை. 1953க்குப் பின்னர் நிலை மாறியது. நாட்டின் வாணிகத்திற்கும் தொழிலுக்கும் பயன்படும் தகுதியுடையோர், ஏற்கெனவே இங்கு வாழ்வோரின் மனைவி மக்கள் போன்ற சில வகையினர்க்கே நுழைவு வாய்த்தது. 1959இல் இவ்விதிகள் மேலும் இறுகின. நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்த மனைவியையும் வளர்ந்த பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் உரிமை சுருக்கப்பட்டது.

இக்கட்டத்தில்தான் மறுநுழைவு அனுமதி என்னும் தாள் தோட்டத் தமிழரின் வாழ்வில் நுழைகிறது. குடியுரிமை பெறாத ஒருவர் நாட்டைவிட்டு வெளியே சென்று, மீண்டும் தம் வசிப்புரிமையுடன் திரும்ப விரும்பினால், புறப்படுவதற்கு முன்னரே அனுமதி பெறுதல் வேண்டும். குறித்த காலத்திற்குள் திரும்பவும் வேண்டும். இது முந்திய கட்டங்களினின்றும் அடிப்படையில் வேறானது. முன்னர்க் காத்திருப்பு வருவதற்காக; இப்போது போவதற்காகவும் திரும்புவதற்காகவும். பதினைந்து இருபது ஆண்டுகள் இம்மலையில் உழைத்தவரும், ஒரு தாளின் துணையின்றி ஊருக்குப் போனால், திரும்பும்போது புதிதாய் வரும் அயலாராகவே கருதப்பட்டார்.

கடல்வழியின் கால அட்டவணையையும் இதனுடன் இணைத்து எண்ணிப் பார்ப்போம். 1926இல் கட்டப்பெற்ற ரஜூலா கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்து ஓடியது. அதன் மேல்தளப் பயணிகளுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரே. ஒரு கப்பலைத் தவறவிட்டால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். தந்தி ஒரே நாளில் வந்துவிடும். மறுநுழைவு அனுமதியும் கப்பலும் கைகூடுவதற்குள் பதினாறாம் நாள் கருமாதியும் கடந்திருக்கும். தமிழரின் வாழ்வில் இறப்புச் சடங்கிற்கும் திருமண முகூர்த்தத்திற்கும் நாள் தள்ளிப்போடும் வழக்கமில்லை. அலுவலகத்தின் நாட்காட்டியும் சடங்கின் நாட்காட்டியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மூத்த மகன் கொள்ளி வைக்க வாராத வீட்டில் பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார் என்றால், அதன்பின் நிலத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் எழும் பேச்சு வேறாகவே இருக்கும். அனுமதித் தாமதம் உறவின் அமைப்பையே மாற்ற வல்லது என நாம் கூறுவது இதனால்தான்.

தாமதத்தைத் தவிர்க்க ஒரு வழி இருந்தது. அது குடியுரிமை. 1957ஆம் ஆண்டு அரசியலமைப்பு, விடுதலை நாளன்றும் அதன் பின்னரும் இந்நாட்டில் பிறந்தோருக்குக் குடியுரிமை அளித்தது. விடுதலைக்கு முன் இங்குப் பிறந்து வளர்ந்தோர், விடுதலை பெற்ற ஓராண்டிற்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழித் தேர்விலிருந்தும் விலக்குப் பெற்றனர். ஆனால், அதற்கும் ஆவணம் வேண்டும். விண்ணப்பிக்க வேண்டும் என்ற செய்தி லயத்து வீட்டை எட்டவும் வேண்டும். மற்றொரு புறம், இந்திய அரசியலமைப்பின் 8ஆம் விதி, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் இந்தியக் குடிமக்களாகப் பதிந்துகொள்ள இடமளித்தது. ஊருக்குப் போய்வருவதற்கு எளிதாயிருக்கும் என எண்ணி இந்தியக் கடப்பிதழை எடுத்துக்கொண்டவர்கள், தாம் எடுத்தது பயண ஆவணம் மட்டுமன்று, ஒரு நாட்டின் உறுப்புரிமையும் என்பதைப் பின்னரே உணர்ந்தனர். ஒரு பயணத்திற்கான வசதி, ஒரு தலைமுறையின் தகுதியை முடிவு செய்தது.

நான்காங் கட்டம்: சிவப்பு அட்டையும் வேலை அனுமதியும் (1969 முதல்)

1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்வதற்கு அனுமதி பெற வேண்டும் என விதித்தது. 1969க்குப் பின் அது கடுமையாகச் செயற்படுத்தப்பட்டபோது, ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்குத் திரும்பினர் என மதிப்பிடப்படுகிறது. நாடு தழுவிய இத்தொகையில் கேமரன் மலையின் பங்கைப் பிரித்துக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால், இந்நிகழ்வு முந்திய கட்டங்களின் வரிசையைத் தலைகீழாக்கியது என்பதை மட்டும் குறிப்பிடுவோம். இதுவரை அனுமதி தாமதமாயிற்று. அதனால் பயணம் நின்றது. இப்போது வேலை அனுமதி கிடைக்கவில்லை. அதனால் பயணம் கட்டாயமாயிற்று.

எஞ்சியோருள் பலர் சிவப்பு அடையாள அட்டையுடன் நிரந்தர வசிப்பாளராக நீடித்தனர். இந்நாட்டுக் கடப்பிதழ் அவர்களுக்கு இல்லை; இந்தியக் கடப்பிதழைப் புதுப்பிக்காதோருக்கு அதுவும் இல்லை. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் தீப்பற்றியதைத் தொடர்ந்து, தமிழ்நாட்டுடனான பயணிகள் கப்பல் போக்குவரத்தும் முடிவுற்றது. விமானப் பயணத்தில் மேல்தளப் பயணி என்றொரு வகை கிடையாது. கட்டணமும் ஆவணமும் ஒருங்கே உயர்ந்தன.

அடுத்த தலைமுறையின் இடர் வேறு வகையினது. 1962ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்திற்குப் பின், இந்நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இருத்தல் வேண்டும் என அத்திருத்தம் விதித்தது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பின்னர், பதிவு செய்யப்படாத திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமாகாது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஊரறியத் தாலி கட்டியோர், பதிவலுவலகத்திற்குச் செல்லத் தவறினால், அவர்தம் குழந்தை தாயின் தகுதியையே பின்பற்றும். தாய் தமிழ்நாட்டிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவராயின், குடிமகனான தந்தைக்குப் பிறந்த குழந்தையும் குடியுரிமை இன்றி நிற்கும். முதல் தலைமுறையில் ஊருக்குப் போய்வரத் தடையாயிருந்த ஆவணக் குறை, மூன்றாம் தலைமுறையில் பள்ளியில் சேரவும் தேர்வெழுதவும் தடையாகிறது.

அரசு இச்சிக்கலை அறியாமல் இல்லை. 2011 பிப்ரவரியில் நடைபெற்ற மைடஃப்தார் இயக்கம், ஆவணமற்ற இந்தியர்களைப் பதிவு செய்வதற்கென்றே நடத்தப்பட்டது. 2018இல், 60 வயதைக் கடந்த சிவப்பு அட்டை வைத்திருக்கும் இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்குவதாக அறிவிக்கப்பட்டது. அறுபது வயதிற்குப் பின் கிடைக்கும் குடியுரிமையால் ஒருவர் கடப்பிதழ் எடுத்து ஊருக்குப் போகலாம். ஆனால், அவர் காண விரும்பிய தாயும் தந்தையும் அங்கு இரார்.

ஆசிரியரும் பதிவேடும்

இவ்வரலாற்றில் தமிழ்ப்பள்ளிக்குரிய இடத்தைத் தனியே எடுத்துரைத்தல் வேண்டும். போ, ரிங்லெட், தானா ராத்தா முதலிய இடங்களில் அமைந்த தமிழ்ப்பள்ளிகள் எழுத்தறிவை மட்டும் வழங்கவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாத ஒருவர், தாம் இந்த ஆண்டில் இங்கு இருந்தேன் என நிறுவுவதற்கு எஞ்சியிருந்த சான்றுகள் சிலவே. தோட்டச் செக்ரோல், மருந்தகப் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியன அவை. செக்ரோல்கள் தோட்டம் கைமாறும்போது காணாமற் போயின. பள்ளிப் பதிவேடு தலைமையாசிரியரின் அலமாரியில் இருந்தது. ஓர் ஆசிரியர் அன்று எழுதிய ஒரு வரி, பிற்காலத்தில் ஒருவரின் குடியுரிமைக்கு ஆதாரமாகலாம். பாரம் நிரப்பித் தருதல், விண்ணப்பக் கடிதம் எழுதுதல், வந்த கடிதத்தைப் படித்துப் பொருள் கூறுதல் ஆகியன தோட்டப்புறத்தில் ஆசிரியரும் கிராணியும் ஆற்றிய பணிகளாகும். கிராணி தோட்ட நிர்வாகத்தைச் சார்ந்தவர். ஆசிரியரிடம் தொழிலாளி சற்றே அச்சமின்றிப் பேச முடிந்தது. இப்பணி எந்தப் பாடத்திட்டத்திலும் இடம்பெறாதது. எனினும், அதன் விளைவு பாடத்தின் விளைவினும் சிறியதன்று.

இதன் மறுபக்கத்தையும் நாம் ஒளிக்கலாகாது. பெயரைத் திருத்தமாக எழுதுவதாக எண்ணி, அடையாள அட்டையில் உள்ளதற்கு மாறாகத் தூய தமிழ் வடிவில் பதிவேட்டில் எழுதிய நல்லாசிரியரும் இருந்திருக்கக்கூடும். மொழிப்பற்றால் நேர்ந்த அத்திருத்தம் அலுவலக மேசையில் ஓர் ஐயமாக மாறிவிடும். ஆவணத்தில் உள்ள எழுத்தை அவ்வாறே படியெடுத்தல் வேண்டும் என்னும் ஒழுக்கத்தை ஆசிரியப் பயிற்சியில் சேர்த்தல் நன்று.

இன்று மலையில் காத்திருப்போர்

இன்று கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழர் சிறுபான்மையராகிவிட்டனர். கொழுந்து எடுப்போருள் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து தற்காலிக வேலை அனுமதியில் வந்தோர். அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியவர் தொழிலாளி அல்லர், முதலாளியே. புதுப்பித்தல் தாமதமானால் சட்டத்தின் முன் குற்றவாளியாகும் இடர் மட்டும் தொழிலாளியைச் சேர்கிறது. கங்காணியின் சீட்டில் ஒரு வரியாக இருந்த தமிழ்த் தொழிலாளியின் நிலைக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படையானது. பிறரது கடப்பிதழை உரிய அதிகாரமின்றி வைத்திருத்தல் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றமாகும். ஆயினும், ஊரில் தாய் இறந்த செய்தி கேட்டுக் கடப்பிதழை வேண்டி அலுவலக வாயிலில் நிற்கும் வெளிநாட்டுத் தொழிலாளி, நம் பாட்டனார் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்.

தமிழ்நாட்டுப் பக்கத்திலும் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1983ஆம் ஆண்டுக் குடிப்பெயர்வுச் சட்டம் வந்தது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதோர் வேலைக்காகச் செல்லும்போது குடிப்பெயர்வு அலுவலரின் ஒப்புதல் பெற வேண்டிய நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இடம்பெற்றது. 2014இல் இந்தியா மின்வழிப் பயண அனுமதி முறையைத் தொடங்கியது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியப் பயணிகளுக்கு 30 நாள் வரையிலான வருகைக்கு விசா விலக்கு அளித்தது. சுற்றுலாப் பயணிக்குக் கதவு அகலத் திறந்தது. உழைக்க வருவோருக்கோ ஒப்புதலும் அனுமதியும் இன்னும் வேண்டியிருக்கின்றன. தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்னும் பழைய கோடு அழிந்துவிடவில்லை.

முடிவுரை

மேலே கண்ட நான்கு கட்டங்களையும் தொகுத்து நோக்கின், பயண அனுமதியின் பொருள் படிப்படியாக மாறி வந்தமை புலப்படும். முதலில் அது உழைப்பைக் கொண்டுவருவதற்கான சீட்டு. அடுத்து அவ்வுழைப்பைக் காக்கும் தடை. அதன்பின் திரும்பி வரும் உரிமையின் சான்று. இறுதியில் ஒருவர் இந்நாட்டவரா அல்லரா என்பதற்கான தீர்ப்பு. பொருள் மாறினும், தாமதத்தின் சுமை மாறவில்லை. அதனை ஒவ்வொரு கட்டத்திலும் சுமந்தவர் ஆவணத்தைப் படிக்க இயலாதவரே.

இவ்வரலாற்றை முழுமையாக எழுதுவதற்கு அரசு அறிக்கைகள் மட்டும் போதா. தோட்ட வீடுகளின் தகரப் பெட்டிகளில் சிவப்பு அட்டைகளும், காலாவதியான கடப்பிதழ்களும், மறுநுழைவு அனுமதித் தாள்களும், மஞ்சளேறிய தந்திகளும் இன்னும் எஞ்சியிருக்கக்கூடும். முதியோர் மறையும்போது பயனற்ற தாள் என அவை எரிக்கப்படுகின்றன. தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு, குடும்பத்தினரின் இசைவுடன், அவற்றைப் படியெடுத்து, உரியவரின் நினைவுகளையும் எழுதி வைப்பாராயின், பல்கலைக்கழகங்களும் தேசிய ஆவணக் காப்பகமும் அவற்றைப் பேண முன்வருதல் வேண்டும். ஆவணம் இல்லாமையால் அல்லலுற்ற ஒரு மக்களின் வரலாறு, ஆவணம் இல்லாமையாலேயே எழுதப்படாமல் போகும் நிலைக்கு நாம் இடந்தரலாகாது.